மூன்று தண்ணீர்

நாதிரா,

கொலார்டு கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். இரண்டு போதும் என்று சொல்கிறவர்கள் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. முதல் தண்ணீரில் ஒரு கை உப்புப் போடு. இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியெல்லாம் அதில்தான் கழன்று வரும். இரண்டாவதில் மண் இறங்கும். மூன்றாவது தண்ணீர் வெறும் மனத் திருப்திக்கு என்று நினைப்பாய். தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டியின் அடியை விரலால் தடவிப் பார். அப்போதும் நறநறவென்று கொஞ்சம் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது என் பெரிய சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உள்ளே ஒரு பெட்டி பேரீச்சம்பழம், ஒரு சீட்டு. வாங்கிய சட்டியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதை உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் அம்மா உன்னை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்.

சீட்டை நான் பலமுறை படித்துவிட்டேன். "அத்தை, வர்ற சனிக்கிழமை பள்ளிவாசல்ல அவர் பேரைச் சொல்லி சாப்பாடு போடறாங்க. அறுபது பேர். எல்லாரும் உங்க கீரையத்தான் கேக்கிறாங்க. உங்களுக்கு முடியலைன்னா எப்படிச் செய்யறதுன்னு இன்னொரு தடவை எழுதிக் குடுங்க, நான் செய்யறேன். கடைசி வாரம் என் கையால கீரைச்சாறு குடுத்தப்ப முகத்தைத் திருப்பிக்கிட்டார் அத்தை. அவருக்குப் பிடிச்ச ஒண்ணைக்கூட எனக்கு உருப்படியா செய்யத் தெரியலையேன்னு அதுதான் மனசை அரிக்குது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை. குறை நான் கொடுத்த செய்முறையில் இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

இங்கே மேக்கன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். தினமும் நானூறு பிள்ளைகள். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்குப் பால் ஆகாது என்று எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு நாள்கூடத் தப்பான தட்டு போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகன் உங்கள் மார்க்கத்துக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. அவனுக்கு எல்லிஸ் என்று என் அப்பாவின் பெயரை வைத்திருந்தேன். ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "அம்மா, இனிமே என் பேரு இத்ரீஸ்" என்றான். சரி என்றேன். அன்றிலிருந்து அவனை எல்லிஸ் என்றும் கூப்பிடவில்லை, இத்ரீஸ் என்றும் கூப்பிடவில்லை. கண்ணு என்றுதான் கூப்பிட்டேன். பாசத்தில் கூப்பிடுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். பாசமும் இருந்தது.

அந்தப் புத்தாண்டுக்கு வழக்கம்போலச் சமைத்தேன். காராமணி, சோள ரொட்டி, கொலார்டு கீரை. நம் கறுப்பு ஜனங்கள் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் அன்றைக்கு இந்த மூன்றும் இருக்கும். அவன் கீரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "அம்மா, இதுல பன்னிக்கால் கிடக்குதே" என்றான். அவன் பல் முளைக்கும் முன்பே அந்தச் சாற்றில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டியவள் நான். "நாப்பது வருஷமா அதுதான் கிடக்குது, இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா" என்றேன். அவன் கோபப்படவில்லை. "வான்கோழி போட்டு செய்ம்மா, சட்டியோட சாப்பிடறேன்" என்று சிரித்தான்.

செய்தேன். புகையில் வாட்டிய வான்கோழி இறக்கையை வாங்கி, எல்லாம் அதேபோலப் போட்டு, இரண்டு வருடம் செய்தேன். பொய் சொல்லக் கூடாது, அது வாய்க்கு விளங்கவில்லை. வெந்நீரில் இலை மிதந்ததுபோல இருந்தது. அவன் மரியாதைக்குச் சாப்பிடுவான். பாதியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "வயிறு நிறைஞ்சுடுச்சும்மா" என்பான். அட்லாண்டாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வருகிறவன், வாராவாரம் வந்தவன், மாதம் ஒரு முறையானான். பிறகு அதுவும் தள்ளிப்போனது. வேலை என்றான். இருக்கலாம்.

அந்த நவம்பரில் நல்ல பனி விழுந்திருந்தது. பனி பட்ட கீரைக்குத்தான் ருசி, இலை இனிக்கும். அவன் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். நான் இறைச்சிக் கடைக்குப் போனால் கடைக்காரர் பர்விஸ் வான்கோழி தீர்ந்துவிட்டது என்றார். பன்றிக் கணுக்கால் இருந்தது. என் வாய்க்காவது ஒரு நாள் ருசியாகச் சாப்பிடலாம், அவனுக்கு வேறு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்து வாங்கினேன். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேறு எதையும் நான் வாங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

எலும்பை எடுத்துவிட்டேன். தோலையும் எடுத்துவிட்டேன். அவன் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். சாற்றைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு, "அம்மா, பிடிச்சுட்டம்மா அந்த ருசிய. என்ன பண்ணின?" என்றான். "கூடக் கொஞ்சம் புகை காட்டினேன்" என்றேன். அன்றைக்கு இருட்டும்வரை இருந்தான். என் சமையலறை நாற்காலியில் சாய்ந்து, சின்ன வயதில் பாதிரியாரைப் போலப் பேசிக் காட்டுவானே, அதைப் பேசிக் காட்டினான். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் வந்தான்.

பதினோரு வருடம், நாதிரா. ஒரு முறை கைதவறி நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது.

அதற்கென்று ஒரு வழிமுறையே வைத்திருந்தேன். சனிக்கிழமை கணுக்காலை இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவேன். சன்னலெல்லாம் திறந்திருக்கும். எலும்பு, தோல், கொழுப்பு எதுவும் இல்லாமல் சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். ஞாயிறு காலையில் அந்தச் சாற்றில் கீரையை வேகவைத்து, இறக்கும்போது வான்கோழி இறக்கையைப் பிய்த்து மேலாகப் போடுவேன். வான்கோழி எலும்பு குப்பைக் கூடையில் மேலே தெரியும்படி கிடக்கும். மற்ற எலும்பு பக்கத்து வீட்டு நாய்க்கு. அந்த நாய் என்மேல் உயிரையே வைத்திருந்தது. கடையில் பர்விஸ் என்னைப் பார்த்ததுமே, "மிஸ் வெர்னெல், வழக்கம்போல உங்களுக்கு ஒரு கணுக்கால், பையனுக்கு ஒரு இறக்கை, அதானே? இந்தக் காலத்துல மகனுக்காக ரெண்டு சட்டி வைக்கிற அம்மா யாரு இருக்கா" என்பார். நான் தலையாட்டுவேன்.

நீ மருமகளாக வந்த பிறகு கொஞ்சம் பயந்தேன். தேவையில்லாத பயம். நீ பிறந்ததிலிருந்தே அந்த மார்க்கத்தில் வளர்ந்தவள். பன்றியின் ருசி உன் நாக்குக்கு எப்படித் தெரியும். முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்தை, இந்த மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்லை" என்றாய். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக என் அடுப்படியில் வந்து நின்றாய். காம்பிலிருந்து இலையை எப்படிக் கிழிப்பது, எப்படிச் சுருட்டி நறுக்குவது, வெங்காயம், காய்ந்த மிளகாய், கடைசியில் துளி சர்க்கரை, துளி வினிகர், எல்லாம் சொன்னேன். ஒரு வரியை மட்டும் மாற்றிச் சொன்னேன். நீ வீட்டுக்குப் போய் அப்படியே செய்தாய். அவன் சாப்பிட்டுவிட்டு என் முன்னாலேயே உன்னைக் கேலி செய்தான். "யாரு செத்துட்டாங்கன்னு இந்தக் கீரை இப்படி அழுது வடியுது? அம்மா கைப்பக்குவம் உனக்கு இந்த ஜென்மத்துல வராது நாதிரா." நானும் சிரித்தேன். "போகப் போக வந்துடும், விடுடா" என்றேன். நீ எழுந்து பாத்திரம் கழுவப் போனாய். கழுவ வேண்டிய இரண்டு தட்டுக்குக் குழாய் நெடுநேரம் திறந்தே இருந்தது. எட்டு வருடத்தில் நீ அதை எத்தனை தடவை செய்து பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்து எங்கே தப்பு என்று கேட்டாய். அடுப்பைக் குறைத்து வை என்றேன். உப்பைக் கடைசியில் போடு என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

பள்ளிவாசலுக்கு நானாகக் கொண்டுவரவில்லை. அவன் கேட்டான். பெருநாளைக்கு எல்லோரும் ஆளுக்கொரு சட்டி கொண்டுவருவார்கள், உன் கீரையை ஒரு தடவை அவர்கள் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்காவது வான்கோழி போட்டிருக்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அவன் அத்தனை பேரிடமும் என் கீரையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தானே. ருசி மாறினால் அவன் கேட்டிருப்பான்.

நான்கு பெருநாள். பெரியவர் சுலைமான் உனக்கு நினைவிருக்கும், சிறையில் இருந்தபோது மார்க்கத்துக்கு வந்தவர். முதல் வருடம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "சிஸ்டர், நாப்பது வருஷமாச்சு. எங்கம்மா வச்ச மாதிரியே இருக்குது. வான்கோழியில இந்த ருசி வரும்னு தெரியாம இத்தனை நாள் இருந்துட்டேனே. அல்லாஹ் உங்க கைக்கு பரக்கத் செய்யட்டும்" என்றார். ஆமீன் என்றேன். மறுவாரம் அவர் தன் மகள் வீட்டுக் கைக்குழந்தைக்குச் சாறு மட்டும் கேட்டு அனுப்பினார். ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். உங்கள் மார்க்கத்தின் மேல் எனக்கு ஒரு கசப்பும் கிடையாது. அது வந்த பிறகு என் மகன் குடியை விட்டான், நேரத்துக்கு எழுந்தான், உன்னைப் போல ஒருத்தியைக் கட்டினான். அவன் நன்றாக இருந்தான், அதுதான் விஷயம். நான் வைத்த பெயரில்லாமல், நான் போகும் சர்ச்சில்லாமல், என்னுடையது எதுவுமே இல்லாமல் நன்றாக இருந்தான். ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் விரிப்பைப் போட்டுத் தொழுவான். அவன் நெற்றி தரையில் படும்போது நான் சமையலறைக் கதவோரம் நின்று பார்ப்பேன். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், உள்ளே இருப்பது என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவனுக்கு உணவுக்குழாயில் புற்று என்று சொன்னபோது அக்டோபர். கிறிஸ்துமசுக்குள் கட்டியான எதுவும் இறங்கவில்லை. கீரைச்சாறு மட்டும் இறங்கியது. நான் உன் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டேன். அவ்வப்போது மேக்கனுக்குப் போய்ச் சாறு வைத்துப் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்தேன். நீ வேலைக்குப் போய்விட்டு வந்து, "அத்தை, நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று என் தோளில் சாய்ந்தாய். நான் உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வாரம் நீ விடுப்பு எடுத்துக்கொண்டு, உன் கையாலேயே வான்கோழிச் சாறு வைத்துக் கிண்ணத்தில் ஆறவைத்துக் கொண்டுவந்தாய். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் சாறு பிடிக்காமல் இல்லை, நாதிரா. நீ வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் நான் ஊட்டி முடித்திருந்தேன். கரண்டியைக் கழுவி என் பையில் போட்டிருந்தேன். அவன் வயிறு நிறைந்திருந்தது. அவ்வளவுதான்.

அவனுக்குத் தெரியும் என்றே நான் எப்போதும் நினைத்து வந்தேன். இருபத்தேழு வயதுவரை அந்த ருசியில் வளர்ந்தவன். எவ்வளவு வடிகட்டினாலும் பன்றி எது வான்கோழி எது என்று அவன் நாக்குக்குத் தெரியாமல் போகுமா. தெரிந்தும் தெரியாததுபோல எனக்காகச் சாப்பிட்டான், அம்மா மனது நோகக் கூடாது என்று. அப்படியென்றால் இது இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே. நோயில் படுத்தபோது ஒரு முறை மட்டும், சும்மா பேச்சுக்கு, "வான்கோழிதானே?" என்று கேட்டான். அதுவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். தெரியும் என்பதைத்தான் அந்தச் சிரிப்பில் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் வரவில்லை. நீ உன் கீரையைச் செய். வான்கோழி போட்டுச் செய்கிற கீரை அப்படித்தான் இருக்கும், அதில் ஒரு தப்பும் இல்லை. ருசி வேறு மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பெரியவர் சுலைமானிடம் மட்டும் சொல்லிவிடு. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகமில்லை. சட்டியை நீயே வைத்துக்கொள். என் வீட்டிலிருந்து ஒரு சட்டியும் வெறுமையாகப் போனதில்லை; இந்தக் காகிதத்தைத் தவிர இதில் வைத்து அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். உங்கள் முறைப்படி அது போதுமா என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அலசியது போதும் என்றுதான் தோன்றியது. மறுபடி படித்தால் அடியில் இன்னும் மண் கிடக்கிறது.

ஒரு முறை கேட்டான் என்று எழுதினேன். அவன் மூன்று முறை கேட்டான்.

முதல் முறை சிரித்துக்கொண்டு கேட்டது உண்மை. "வேற என்னவாம்" என்றேன். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. ஜனவரியில், நீ கடைக்குப் போயிருந்தபோது, "அம்மா, நிஜமா வான்கோழிதானா?" என்றான். "பேசாம குடி, ஆறிப்போகுது" என்றேன். குடித்தான்.

மூன்றாவது, அவன் போவதற்கு இரண்டு நாள் முன்னால். நீ சாறு வைத்து ஆறவைத்தாயே, அந்தக் காலை. நீ சமையலறையில் இருந்தாய். உன் சட்டியின் மணம் அறைவரை வந்தது. நான் என் பாட்டிலைத் திறந்து கரண்டியை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கையில் பலமே இல்லை, இருந்தும் பிடித்தான். "அம்மா, நான் சுத்தமா போகணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம். எதுவா இருந்தாலும் திட்ட மாட்டேன், சொல்லு. வான்கோழிதானே?"

அந்த வீட்டில் அப்போது வான்கோழிச் சாறு இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நீ இருந்தாய்.

"ஆமாம் கண்ணு, வான்கோழிதான்" என்றேன்.

அவன் கையை விட்டான். நெற்றிச் சுருக்கமெல்லாம் போய் முகம் தெளிந்துவிட்டது. ஏதோ ஓதிவிட்டு வாயைத் திறந்தான். நான் ஊட்டினேன். தெரிந்தவன் முகம் அப்படித் தெளியாது. அவனுக்குத் தெரியாது, நாதிரா. என்னை நம்பினான்.

வெர்னெல்